டீசல் தீர்ந்தால் எந்த ஊர் முதலில் திணறும்?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு பெரிய விவாதம். சோறு ஆறி, ரசம் தீர்ந்து, மெஸ் அண்ணன் வந்து "தம்பிகளா, மேஜையைத் துடைக்கணும், எந்திரிங்க" என்று விரட்டும் வரைக்கும் நடந்தது. விஷயம் இதுதான்: உலகத்தில் பெட்ரோல், டீசலுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்துவிட்டால், எந்த நகரத்தில் பிழைப்பது ரொம்பக் கஷ்டம்?

ஒருத்தன் நியூயார்க் என்றான். இன்னொருத்தன் துபாய் என்றான். சென்னைக்காரன் மட்டும் "எங்க ஊருதான்டா, சந்தேகமே வேண்டாம்" என்று பெருமையாகச் சொன்னான். (கஷ்டத்தில் கூட முதலிடம் வேண்டும் இவனுக்கு!) அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "உனக்கென்னடா, தேவாரம். மலை, கால்வாய், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. டீசல் இல்லாட்டியும் ராஜா மாதிரி இருப்பீங்க" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருமுனையில் விடிகாலையில் ஒரு ஜீப் ஹாரன் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் வீடு பத்து வருஷத்துக்கும் மேலாக எழுந்திருக்கிறது. அம்மா தூக்குவாளியையும் கொங்காணியையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஜீப்பில் உட்கார இடம் இருக்கிறவர்கள் கொஞ்சம், இடுக்கில் ஒட்டிக்கொள்கிறவர்கள் மீதி. போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் மதுரையில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டீசல் இல்லாமல் நாங்கள் ராஜாவாக இருப்போமா? உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன். என் நண்பர்களுக்கும் இது பதில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எண்ணெய் தட்டுப்பாடு என்றால் உடனே எல்லாரும் ஊரே இருட்டாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. மீதி நீர், காற்று, சூரியன், அணு. டீசலில் இருந்து வருவது மிகச் சொற்பம். ஆனால் நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அதனால் தட்டுப்பாடு வந்தால் ஃபேன் ஓடும், டியூப் லைட் எரியும். ஓடாமல் நிற்பது லாரி, பஸ், ஜீப், டிராக்டர், மீன்பிடி விசைப்படகு. சுருக்கமாகச் சொன்னால், அடி வாங்குவது வெளிச்சம் இல்லை, தூரம்.

தூரம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. மெக்கானிக்கல் படிக்கிற பாவத்துக்கு ஒரு கணக்கு போட்டேன். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தி சுமார் 36 மெகாஜூல். அதில் முக்கால்வாசி சூடாகவும் புகையாகவும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 9 மெகாஜூல். நல்ல உடம்புள்ள ஓர் ஆள் 75 வாட் வீதம் எட்டு மணி நேரம் விடாமல் உழைத்தால் செய்யும் வேலை 2 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு லிட்டர் டீசல் என்பது நாலு ஆளுடைய ஒரு நாள் உழைப்பு. நாலு ஆளுக்கு என்ன கூலி கொடுக்க வேண்டும் என்று நம்ம ஊரில் விசாரித்துப் பாருங்கள். அதே வேலையை டீசல் சுமார் நூறு ரூபாய்க்குச் செய்து தருகிறது. இந்த மலிவான கூலியாளை நம்பித்தான் நாம் ஊர்களைக் கட்டியிருக்கிறோம். அந்த ஆள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் சினிமாக் கதை, நடக்காது" என்று சொல்கிறவர்களுக்கு: நடந்திருக்கிறது. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். அந்தக் கரி கேஸ் கருவியைச் செய்து கொடுத்ததில் மதுரை டிவிஎஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே போரின்போதுதான் 1928-ல் வந்த எங்கள் மதுரை-போடி ரயில் பாதையின் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி ரயில் வந்தது. அதாவது தட்டுப்பாடு வரும்போது, கடைசியில் இருக்கிற ஊரில் இருந்துதான் முதலில் எடுப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்தது யாழ்ப்பாணம். 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெட்ரோல், டீசல், பேட்டரி எதுவும் சரியாக உள்ளே போகவில்லை. மின்சாரமும் இல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வருஷக்கணக்கில் அப்படியே வாழ்ந்தார்கள். கார்பரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு வண்டியைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் விலை ஏறியபோது ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பொருள், நோயாளி, கல்யாண மாப்பிள்ளை எல்லாம் சைக்கிளில்தான். மருந்தும் வண்டியும் கிடைக்காமல் போன உயிர்கள் நிறைய என்பதால் இதைச் சாகசக் கதையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அந்த ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது என்று பார்க்க வேண்டும். நிலம் முழுக்கச் சமதளம், அதனால் சைக்கிள் போகும். வீட்டுக்கு வீடு கிணறு. வாசலைத் தாண்டினால் தோட்டம், பனை. வேலையும் சோறும் சைக்கிள் எட்டும் தூரத்துக்குள்.

கியூபா இன்னொரு பாடம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அங்கே வந்துகொண்டிருந்த எண்ணெய் பாதிக்கும் கீழே போனது. ஹவானாவில் சீனாவில் இருந்து வந்த லட்சக்கணக்கான சைக்கிள்கள் ஓடின. டிராக்டர் நின்று எருது திரும்பி வந்தது. நகரத்துக் காலி மனைகளில் காய்கறி போட்டார்கள். அதைப் பார்த்துப் பலரும் "ஆகா, இயற்கை வாழ்க்கை" என்று புகழ்கிறார்கள். சத்தான சாப்பாடு இல்லாததால் 1992-93-ல் அங்கே சுமார் 50,000 பேருக்குக் கண்ணும் நரம்பும் பாதித்த கதையை அவர்கள் சொல்வதில்லை.

ரொம்பப் பக்கத்தில் நடந்தது, 2022-ல் இலங்கை. கையில் டாலர் இல்லை, அதனால் கப்பலில் எண்ணெய் வரவில்லை. ஜூன் 27-ம் தேதி, அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் பெட்ரோல், டீசல் கிடையாது என்று அரசாங்கமே அறிவித்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டில் காய்கறி போடச் சொன்னார்கள். நாள்கணக்கில் வரிசையில் நின்று அங்கேயே செத்துப்போனவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. கொழும்பில் கஷ்டம் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருகிற ஒரு கப்பல் எண்ணெய் முதலில் போய்ச் சேர்வது தலைநகரத்துக்குத்தான். கடைசி ஊருக்கு மிச்சம் இருந்தால்தான்.

இந்தக் கதைகளை எல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரு ஊரை எடைபோட நாலு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, தண்ணீர் எப்படி வருகிறது?
இரண்டு, சோறு எங்கிருந்து வருகிறது?
மூன்று, கூலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?
நாலு, இந்த மூன்றுக்கும் டீசலை விட்டால் ரயிலோ, சைக்கிளோ, நடையோ வேறு வழி உண்டா?

இப்போது நண்பர்கள் சொன்ன ஊர்களுக்கு மார்க் போடலாம்.

நியூயார்க் என்று சொன்னவன் சினிமா நிறையப் பார்க்கிறான். அங்கே மின்சார ரயில் பூமிக்கு அடியில் ஊர் முழுக்க ஓடுகிறது. தண்ணீர் மலையில் இருந்து பெரும்பாலும் தானாகவே இறங்கி வருகிறது. துறைமுகம் இருக்கிறது. நாலாவது கேள்விக்கு நல்ல மார்க். அமெரிக்காவில்தான் வேண்டும் என்றால் ஃபீனிக்ஸைச் சொல்லியிருக்கலாம். பாலைவனத்தில் கட்டிய ஊர். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கால்வாயில், வழியெல்லாம் பம்ப் வைத்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கார் இல்லாமல் பால் பாக்கெட் கூட வாங்க முடியாத அளவுக்கு ஊர் பரந்து கிடக்கிறது.

துபாய்? கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிறது, சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. ஆனால் கையில் பணமும் பக்கத்தில் எரிவாயுவும் இருக்கிற வரை அது கடைசியாகத்தான் கஷ்டப்படும். அங்கே முதலில் கஷ்டப்படப்போவது ஊர் இல்லை, விசா முடிந்து திருப்பி அனுப்பப்படும் நம்ம ஆட்கள்.

என்னைக் கேட்டால் முதலிடம் மாலத்தீவின் மாலேவுக்கு. பலர் இந்தப் பெயரையே யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னத் தீவில் லட்சத்துக்கு மேல் மக்கள். குடிநீர் கடல் நீரில் இருந்து. அதைச் சுத்திகரிக்கும் மின்சாரம் டீசலில் இருந்து. அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பலில். தூத்துக்குடியில் இருந்து தோணிகளில் காய்கறி கூடப் போகிறது. 2014 டிசம்பரில் அங்கே குடிநீர் ஆலையில் தீப்பிடித்தது. அந்த ஒரு ஆலை நின்றதும் ஊரே தாகத்தில் தவித்து, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. தண்ணீர், சோறு, வெளிச்சம் மூன்றும் ஒரே டீசல் டேங்கில் இருந்து வருகிற ஊர் அது. நாலு கேள்வியிலும் முட்டை.

சென்னைக்காரனுக்கு வருவோம். சென்னை ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். பழைய சென்னை பிழைத்துவிடும் என்பது என் கணிப்பு. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் இருந்து ஓடுகிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் நடந்து போகிற தூரத்தில் எல்லாம் கிடைக்கும். டிராம் கூட இருந்தது, 1953-ல் நாமே மூடிவிட்டோம். ஆனால் புதுச் சென்னை, அதாவது ஓஎம்ஆர் ஓரத்து அடுக்குமாடிகள், பலவும் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஜூலை 12-ம் தேதி வந்த முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். ரயில் நிலையம் வரை தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து பதினாலாவது மாடி வரை? அப்போது லாரி ஓடியது. டீசலும் இல்லாத கோடை வந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நம்ம பக்கம் நான் அதிகம் பயப்படுவது கொடைக்கானல், மூணாறு மாதிரி மலை ஊர்களுக்கு. அரிசி மூட்டையில் இருந்து கேஸ் சிலிண்டர் வரை எல்லாம் கொண்டை ஊசி வளைவில் ஏறி வர வேண்டும். பிழைப்போ டூரிஸ்ட் வண்டியை நம்பி. டீசல் இல்லாவிட்டால் சோறும் ஏறாது, கூலியும் ஏறாது. ஊட்டிக்காவது ஒரு ரயில் இருக்கிறது. மூணாறிலும் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது, அப்புறம் யாரும் போடவில்லை.

சரி, தேவாரம்?

நண்பர்கள் சொன்னது முக்கால்வாசி உண்மைதான். முதல் கேள்விக்கு நல்ல மார்க். 1895-ல் கட்டிய முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறது. இறங்குகிற வேகத்திலேயே மின்சாரமும் தருகிறது. அங்கிருந்து 18-ம் கால்வாயில் எங்கள் பக்கம் வரைக்கும் வருகிறது. இதற்கு ஒரு சொட்டு டீசல் வேண்டாம், பள்ளம் இருந்தால் போதும். கிணற்று மோட்டார் கரண்டில் ஓடுகிறது, விவசாயத்துக்கு அந்தக் கரண்ட் இலவசம். இரண்டாவது கேள்விக்கும் பரவாயில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. தேங்காய், மாங்காய், நிலக்கடலை, காய்கறி எல்லாம் உண்டு. சமவெளி என்பதால் பண்ணைப்புரம், கோம்பை, ராசிங்காபுரம், சிலமலை எல்லாம் சைக்கிளில் போய்விடலாம். ரயிலும் திரும்பி வந்துவிட்டது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்திய மதுரை-போடி ரயில், 2022-ல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்துவிட்டது.

தோற்பது மூன்றாவது கேள்வியில். கூலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஏலத்தோட்டங்கள். ஆனால் ஜீப் நேராக ஏற முடியாது. தேவாரத்தில் இருந்து போடிக்குப் போய், பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, உடும்பன்சோலைப் பக்கம் வந்து சேர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். திரும்பி வர மறுபடி அவ்வளவு. சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக ரோடு போடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். காட்டு வழி என்பதால் அதிலும் ஆயிரம் சிக்கல்.

"அந்தக் காலத்தில் நடந்து போகவில்லையா?" என்று கேட்பீர்கள். போனார்கள். சரக்குக்கும் வழி வைத்திருந்தார்கள். மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டி. ஆக, டீசல் இல்லாமலே ஏலக்காயும் தேயிலையும் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அதனால் டீசல் தீர்ந்தாலும் முதலாளிகளின் சரக்கு எப்படியாவது இறங்கிவிடும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

ஆள் எப்படி ஏறி இறங்கினார்கள் என்று அப்பத்தாவிடம் போனில் கேட்டேன். "திங்கக்கெழம விடியமுன்ன ஏறுனா சனிக்கெழமதேன்யா எறங்குவோம். அங்கனயே லயத்துல கஞ்சி காய்ச்சிக் குடிச்சிட்டுப் படுத்துக்கிருவோம்" என்றது. "அப்ப அப்பாவை எல்லாம் யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டேன். "பெரியவ சின்னவனப் பாத்துக்கிட்டா. சின்னவன் ஆட்டப் பாத்துக்கிட்டான்" என்று சிரித்தது. அந்தப் பெரியவள் என் அத்தை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. காலையில் ஏறி மாலையில் இறங்குவது என்ற பழக்கமே டீசல் கொடுத்தது. ஏறுவதற்கு மூன்று மணி நேரம், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும், எட்டு மணி நேர வேலையோடு சேர்த்துத் தினமும் எந்த மனுஷியாலும் முடியாது. ஜீப் வந்த பிறகுதான் மலையில் வேலை, கீழே வீடு என்று இரண்டும் சேர்ந்து கிடைத்தது. ராத்திரி அம்மா வீட்டில் இருந்தார். நான் ஹோம்வொர்க் செய்தேனா என்று கேட்க ஆள் இருந்தது. என் அத்தைக்குக் கிடைக்காத படிப்பு எனக்குக் கிடைத்ததற்கு என் மூளை காரணம் இல்லை, அந்த ஓட்டை ஜீப்பும் அதில் ஊற்றிய டீசலும் காரணம்.

அது ஒன்றும் சொகுசு வண்டி இல்லை. அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு, பனியில் கண் தெரியாத வளைவில் போகிற ஜீப்புகள் கவிழ்ந்து செத்தவர்கள் எங்கள் பக்கம் பல ஊரில் உண்டு. அம்மா வருகிற நேரம் அரை மணி தள்ளினால் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்போம். அப்படியும் அந்த ஜீப் வேண்டும்.

ஜீப் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒத்திகை கூடப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். டீசல் இருந்தது, ரோடு இல்லை. விளைவு ஒன்றுதான். அப்போது போக்குவரத்து இல்லாமல் தோட்டத்தில் இருந்து காட்டுப் பாதை வழியாக நடந்தே இறங்கி வந்துகொண்டிருந்த ராசிங்காபுரம் பக்கத்துத் தொழிலாளர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு குழந்தை உட்படச் சிலர் இறந்துபோனார்கள். "பழையபடி நடந்து போய்க்கலாம்" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. பழைய பாதையைத் தினமும் நடந்து பழகியவர்கள் இப்போது இல்லை, பாதையும் பழைய பாதையாக இல்லை.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பட்டினி இல்லை. ரேஷன் அரிசி இருந்தது, பக்கத்துத் தோட்டத்துக் கத்திரிக்காய் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. நண்பர்கள் சொன்ன "ராஜா வாழ்க்கை" சாப்பாட்டு விஷயத்தில் சரிதான். காசு மட்டும் இல்லை. அம்மா காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனது. அடுத்த வருஷ ஃபீஸ் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு ஊர் சாகாமல் இருப்பதும், அந்த ஊர்ப் பிள்ளைகள் முன்னேறுவதும் வேறு வேறு விஷயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே என் தீர்ப்பு: உயிர் பிழைப்பதற்கு ரொம்பக் கஷ்டமான ஊர் மாலே மாதிரித் தீவு நகரங்கள், அடுத்து ஃபீனிக்ஸ் மாதிரிப் பாலைவன நகரங்கள், நம் பக்கம் மலை ஊர்களும் லாரித் தண்ணீரை நம்பிய புறநகர்களும். தேவாரம் உயிர் பிழைக்கும். ஆனால் இரண்டு தலைமுறை பின்னால் போகும். அப்பத்தா காலத்துக்கு. மறுபடி ஒரு பெரியவள் சின்னவனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். என் வீட்டில் அந்தப் பெரியவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சியாக இருப்பாள்.

சும்மா பயமுறுத்திவிட்டுப் போக விருப்பமில்லை. தட்டுப்பாடு நம் கையில் இல்லை, பங்கு போடுவது நம் கையில் இருக்கிறது. இலங்கையில் 2022 ஜூலையில் கியூஆர் கோடு வைத்துப் பங்கிட்டார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர். வரிசை குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு வண்டிக்கு, ஆளுக்கு இல்லை. ஒருத்தர் போகிற காருக்கும் ஒரு காருக்குரிய பங்கு, பத்துப் பன்னிரண்டு பேருடைய அடுப்பு எரியக் காரணமான ஜீப்புக்கும் ஒரு வண்டிக்குரிய பங்கு என்றால் அது நியாயமா? நம் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால், ஏலத்தோட்டத்து ஜீப் "அத்தியாவசிய சேவை" பட்டியலில் இருக்காது. கடைசி ஊரில் இருந்துதான் முதலில் எடுப்பார்கள் என்று மேலே சொன்னேனே, தண்டவாளத்தைப் பெயர்த்த கதை, அது இப்படித்தான் நடக்கும். பங்கு ஆள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசி வைக்க வேண்டும்.

இன்னொன்று, தட்டுப்பாடு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தோட்ட வேலைக்குப் போகிற நேரத்துக்கு மெட்டு ஏறுகிற பஸ் விட்டால், நாலைந்து ஜீப் ஆளை ஒரு வண்டி ஏற்றும். டீசல் மிச்சம், உயிரும் மிச்சம். நாளைக்கு அது கரண்டில் ஓடும் பஸ்ஸாக மாறினால், இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தியில் கொஞ்சத்தைப் பேட்டரியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். மலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் தேயிலைப் பெட்டிக்கு ரோப்வே போட்டவர்கள் இருந்த மலையில், ஆளுக்கு ஒரு பஸ் விட முடியாதா?

எழுதி முடிக்கும் முன்னால் அம்மாவுக்கு போன் போட்டேன். இந்த ஆராய்ச்சியை எல்லாம் சொல்லாமல், "டீசலே இல்லாமப் போச்சுன்னா என்னம்மா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மேலயே தங்கிக்கிர வேண்டியதுதான்" என்றார். அப்புறம், "பாப்பாதேன் தனியா இருக்கணும்" என்றார்.

நாளைக்கு மெஸ்ஸில் நண்பர்களிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். எந்த ஊர் ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால் உலக வரைபடத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் எத்தனை கிலோமீட்டர் போய்ச் சம்பாதிக்கிறார்கள், எதில் போகிறார்கள் என்று பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது.